நாயின் பந்தும் பேராதனைப் பூங்காவும்

நாய்க்கு வாயே கை. மனிதக் குழந்தை ஒரு பொருளைக் கையால் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுபோல, நாய் அதனைப் பல்லாற் கவ்வி, நாவாற் புரட்டி, கடித்துப் பார்த்தே அறிகிறது. ஆகவே நாய்க்கு விளையாட ஒன்றைக் கொடுப்பது என்பது, கடிப்பதற்கென்றே ஒன்றைக் கொடுப்பதாகும். அவ்வாறு கொடுக்கும் பொருள் மிகக் கடினமாக இருந்தால் பல் உடையும். மிக மென்மையாக இருந்தால் துண்டு துண்டாகி வயிற்றுக்குட் செல்லும். கல்லும் எலும்பும் முதல் வகையைச் சேர்ந்தவை. பழந்துணியும் பஞ்சும் தேங்காய்ப் பொச்சும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பல்லுக்கு இடங்கொடுத்தும், பல்லுக்குத் தோற்காமலும் நிற்கும் ஒரு பொருள் வேண்டும். அத்தகைய பொருளாக உலகம் கண்டெடுத்தது இறப்பர். அது அமேசன் காட்டிலிருந்து ஆசியாவுக்கு வந்த பாதை, மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனை வழியே சென்றது.

இறப்பரின் வரலாறே விளையாட்டில் தொடங்கியது என்பது வியப்புக்குரியது. மெக்சிக்கோ நாட்டில் எல் மனாத்தி என்னும் இடத்துச் சதுப்பு நிலத்திலிருந்து, ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட இறப்பர்ப் பந்துகள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. சக்கரத்துக்கு உறையிடவோ மழைக்கு மேலாடை செய்யவோ அம்மக்கள் முதலில் இறப்பரை நாடவில்லை. துள்ளும் பந்துக்காகவே நாடினர். மரத்தின் பாலுடன், இரவில் வெண்மலர் பூக்கும் ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்தால் பந்து நன்கு துள்ளும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அந்தக் கலவையின் சிறப்பை இக்கால ஆய்வாளர் சோதித்து வெளியிட்டது 1999ஆம் ஆண்டிலேயாகும்.

ஐரோப்பியர் இப்பொருளின் பயனை உணர நெடுங்காலம் சென்றது. 1770இல் இங்கிலாந்தின் விஞ்ஞானி யோசப் பிரீஸ்ட்லி, பென்சிற் கோட்டை அழிக்க அது உதவும் என எழுதினார். 1823இல் ஸ்கொத்லாந்தின் சார்ள்ஸ் மக்கின்றொஷ் அதனைக் கொண்டு மழை புகாத துணி செய்தார். ஆயினும் கோடையில் அது பிசினாய் ஒட்டியது. குளிரில் விறைத்து வெடித்தது. 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் எனக் கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்று பெயர் பெற்ற இம்முறைக்கு 1844இல் அமெரிக்காவில் அவர் உரிமம் பெற்றார்.

இம்முறையின் உட்பொருளை எளிதாக விளக்கலாம். இறப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. பச்சை இறப்பரில் அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. கந்தகம் அந்நூல்களுக்கிடையே ஆங்காங்கு முடிச்சுப் போடுகிறது. முடிச்சுக் குறைந்தால் பொருள் பிசுபிசுக்கும். முடிச்சு மிக அதிகமானால் சீப்புச் செய்யும் கருங்கட்டியைப்போல் இறுகிவிடும். வளைந்து கொடுக்கும் பந்து இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் கிடைக்கும். மேலும் மரத்திலிருந்து வரும் இறப்பருக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. அதனைப் பலமாக இழுக்கும்போது, இழுபடும் இடத்திலுள்ள நூல்கள் ஒழுங்காக அணிவகுத்துப் பளிங்குபோல் இறுகிக்கொள்கின்றன. கிழிசல் ஒன்று தொடங்கினாலும், அதன் முனையிலேயே பொருள் வலுப்பெற்று, மேலும் கிழியாமல் தடுக்கிறது. நாயின் கூரிய பல் குத்தி இழுக்கும் பந்துக்கு இதைவிட வேண்டிய குணம் வேறெது?

இனி இலங்கைக்கு வருவோம். அலெக்சாந்தர் மூன் என்பவரின் பொறுப்பில் 1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா தொடங்கிற்று. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அம்முளைகளில் 1,919 கன்றுகள், கண்ணாடி மூடிய பெட்டிகளில் வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றைப் பெற்றுக்கொண்டது, துவைற்ஸ் என்பவர் பணிப்பாளராக இருந்த பேராதனைப் பூங்காவாகும். மலைநாட்டிலும் வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்நிலமே அக்கன்றுகளுக்கு ஏற்றதெனக் கருதி, கம்பஹாவுக்கு அருகே எனரத்கொடையில் அவ்வாண்டே அமைக்கப்பட்ட பூங்காவில் அவை நடப்பட்டன.

நட்டதுடன் பணி முடிந்துவிடவில்லை. கோப்பியை இலைநோய் அழித்த பின்னர் தோட்டத்துரைமாரின் கண் தேயிலையிலேயே பதிந்திருந்தது. இறப்பரிற் பொருளுண்டா என ஐயுற்றோர் பலர். பேராதனையின் பணிப்பாளர் ஹென்றி டிரிமன் 1888இல் எனரத்கொடை மரமொன்றிற் பால் வெட்டிச் சோதனை தொடங்கினார். 1898, 1899ஆம் ஆண்டுகளில் பேராதனையிற் பணியாற்றிய யோன் பார்க்கின் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஒருமுறை வெட்டிய காயத்தின் அருகிலேயே மறுமுறையும் வெட்டினால் பால் கூடுதலாக ஊறும் என்பது ஒன்று. அசற்றிக்கமிலம் சிறிது சேர்த்தால் பால் ஒழுங்காகத் திரளும் என்பது மற்றொன்று. 1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவிலேயே இறப்பர்க் கண்காட்சியொன்று நடைபெற்றது. மோட்டார் வண்டிகள் பெருகி, இறப்பருக்கு உலகெங்கும் கிராக்கி ஏறிய காலம் அது.

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. சிங்களக் கிராமத்தாரும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவற்றில் உழைத்தனர். பால் வெட்டுதல் விடியற்காலை வேலை. வெயில் ஏறுமுன் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால்தான் நன்கு வடியும். கூரிய கத்தியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சரித்துச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்துவர். கத்தி ஒரு நூலளவு ஆழமாய்ப் பட்டுவிட்டால் மரத்தின் வளர்படை புண்படும். அவ்விடத்திற் பட்டை மீண்டும் செவ்வையாக வளராது. மரத்தைக் கொல்லாமற் பாலெடுக்கும் அந்தக் கைத்திறத்தின் மீதே இத்தொழில் முழுவதும் நின்றது. உலகின் எந்த மூலையில் ஒரு நாய் இறப்பர்ப் பந்தைக் கவ்வி ஓடினாலும், அதன் தொடக்கம் இத்தகைய ஒரு விடியற்காலையிலேயே இருக்கிறது.

நாய்களின் இறப்பர் விளையாட்டுப் பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மேல்நாடுகளிற் பரவிவிட்டன. இதற்கு ஒரு சுவையான சான்றுண்டு. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் நேசநாடுகளுக்கு இறப்பர் அரிதாயிற்று. அமெரிக்காவில் அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பழைய இறப்பர் திரட்டும் இயக்கம் நடந்தது. அப்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் வளர்ப்பு நாயான பாலாவின் இறப்பர் விளையாட்டுப் பொருள்களும் நாட்டுக்காகக் கொடுக்கப்பட்டன. அதே வேளையில் இலங்கை, நேசநாடுகளின் இயற்கை இறப்பர்த் தேவைக்குப் பெரிதும் நம்பப்பட்ட இடமாக மாறியது. மரம் தாங்கும் அளவையும் கடந்து இங்கே பால் வெட்டப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகையில் நாய் தன் பந்தை இழந்ததற்கும், கேகாலையில் மரம் தன் பட்டையை இழந்ததற்கும் காரணம் ஒன்றே.

போர் முடிந்த பின்னர் உலகின் இறப்பர் பெரும்பாலும் வண்டிச் சக்கரங்களுக்கே சென்றது. வண்டிக்கென அமைந்த இறப்பர்த் துண்டொன்றே நாய்ப் பொம்மையின் வரலாற்றிலும் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம், காவற்றுறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பிரிட்ஸ் என்னும் ஜேர்மன் செப்பேர்ட் நாய் இருந்தது. அது கற்களைக் கடித்துக் கடித்துப் பற்களைத் தேய்த்துக்கொண்டது. மார்க்கம் தம் வொக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்க்கையில் கழற்றிப் போட்ட இறப்பர்த் துண்டொன்றை அது கவ்விக்கொண்டது, கல்லை மறந்தது. அதிர்ச்சியைத் தாங்கவென வார்க்கப்பட்ட அத்துண்டின் உருவத்தைப் பின்பற்றி, நாயின் கடிக்கேற்ற இறப்பர்க் கலவையைத் தேடி, அவர் உருவாக்கிய பொம்மை 'கொங்' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

ஆயினும் வண்டிக்கு நல்ல இறப்பரெல்லாம் நாய்க்கு நல்லதென்று எண்ணிவிடலாகாது. பழைய டயரை வெட்டி நாய்க்குப் போடுவது இன்றும் காணப்படும் வழக்கம். டயரினுள் உருக்குக் கம்பி உண்டு; நெய்த நூல் உண்டு; தேய்மானத்தைத் தாங்கச் சேர்க்கப்பட்ட காபன் கரியும் வேறு இரசாயனங்களும் உண்டு. அவை வீதிக்கென அமைந்தவை, வாய்க்கென அமைந்தவையல்ல. நாயின் பந்துக்கு வேண்டுவது தூய இறப்பர். இலங்கை பெயர் பெற்றுள்ள வெளிர் நிறக் கிறேப் இறப்பர் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. பாலிலுள்ள மஞ்சட் பொருளை நீக்கி, நன்கு கழுவி, புகையூட்டாமற் காற்றில் உலர்த்திச் செய்யப்படுவது அது. அத்தகைய இறப்பரை உருளைகளிற் பிசைந்து, கந்தகம், நாக ஒட்சைட்டு முதலியவற்றை அளவறிந்து கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, ஏறக்குறைய 150 பாகை வெப்பத்திற் பதப்படுத்தினால் பொம்மை பிறக்கிறது. விரைவூட்டும் சில இரசாயனங்களிலிருந்து நைத்திரோசமீன் என்னும் தீய பொருள்கள் உண்டாகலாம். குழந்தைகளின் பாற்புட்டி முலைக்காம்புக்கு இதன் அளவைப் பல நாடுகள் சட்டத்தாற் கட்டுப்படுத்தியுள்ளன. நாய்ப் பொம்மைக்கோ அத்தகைய தனிச் சட்டம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆகவே செய்பவரின் மனச்சாட்சியும் வாங்குபவரின் விழிப்புமே அங்குக் காவல்.

உருவமும் பொருளைப் போலவே முக்கியமானது. தொண்டைக்குள் நழுவும் அளவுக்குப் பந்து சிறிதாக இருத்தல் ஆகாது. சிறு நாய்க்கு வாங்கிய பந்து பெரிய நாயின் உயிருக்கு உலை வைக்கும். உள்ளே வெறுமையான பொம்மைக்கு ஒரே துளை இருப்பின், காற்று வெளியேறி, நாவை உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளக்கூடும். இரு துளைகள் இருந்தால் அந்த அபாயம் குறையும். டெனிஸ் பந்தின் மேலுள்ள கம்பளி மயிர் மணலைப் பிடித்துக்கொண்டு, அரத்தைப்போற் பல்லைத் தேய்க்கும். நீண்ட நூலும் கயிறும் குடலிற் சிக்கி அதனைச் சுருக்கிவிடும். கடினத்தை அறிய எளிய வழியும் ஒன்றுண்டு. விரல் நகத்தால் அழுத்தினால் பொருள் சற்றேனும் அமிழ வேண்டும்; அமிழாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது.

எத்துணை நல்ல இறப்பரும் என்றும் நிலைப்பதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெடிக்கச் செய்யும்; எண்ணெயும் கொழுப்பும் அதனை ஊதச் செய்து வலுவிழக்கச் செய்யும். ஆதலின் பொம்மையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அடிக்கடி வளைத்துப் பார்த்தல் வேண்டும். வெடிப்புக் கண்டதும், ஒரு துண்டு குறைந்ததும், இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். நெடுநாள் உழைப்பது நல்ல பொம்மையின் ஓரிலக்கணம். உழைத்து முடிந்ததை அறிந்து அகற்றுவது நல்ல வளர்ப்பாளரின் இலக்கணம்.

பேராதனையின் தொடர்பு மரத்துடன் முடியவில்லை. இலங்கையின் ஒரே கால்நடை மருத்துவ பீடம், பூங்காவுக்கு அணித்தாயுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. உடைந்த பல்லையும் அடைபட்ட குடலையும் குணப்படுத்தும் கல்வி அங்கே கற்பிக்கப்படுகிறது. அவை நேராமற் காக்கக்கூடிய பொருளின் ஆசிய வரலாறு அருகிலுள்ள பூங்காவிற் பதிந்துள்ளது. வாய் பேசாத ஓர் உயிர் நம்மை நம்பி ஒன்றைக் கவ்வுகிறது. அது எத்தகைய பொருள் என்று கேட்க அதற்கு இயலாது. அக்கேள்வியை அதற்காகக் கேட்க வேண்டியவர் அதனைக் கொடுப்பவரே.