அல்மேடன் குன்றின் பாதரசக் கணக்கு



சான் ஹோசேயின் தெற்கே அல்மேடன் பள்ளத்தாக்கில் நம்மவர் பலர் குடியிருக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடங்கள், குன்றுகள், வார இறுதியில் நடக்க ஒரு பெரிய பூங்கா. அந்தப் பூங்காவுக்கு அல்மேடன் குவிக்சில்வர் என்று பெயர். குவிக்சில்வர் என்றால் பாதரசம். அந்தப் பெயர் வந்த கதைதான் இந்த மாதப் பேச்சு.

அந்தக் குன்றில் ஒரு சிவப்புக் கல் கிடைக்கும். நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அதேதான். இங்கு வாழ்ந்த ஓலோனி பழங்குடியினர் அதை அரைத்து வண்ணமாகப் பூசிக்கொண்டார்கள். 1845-இல் ஆந்த்ரேஸ் காஸ்டியேரோ என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி அதில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஸ்பெயினில் உள்ள புகழ்பெற்ற சுரங்கத்தின் பெயரையே இதற்கும் வைத்து, நியூ அல்மேடன் என்றார்கள்.

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மணலில் கிடக்கும் தங்கத் துகளைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். ஆகவே தங்கம் தேடிய பலருக்குப் பாதரசம் தேவைப்பட்டது. 1970களில் வேலை நிற்கும்வரை நியூ அல்மேடன் சுமார் 11 லட்சம் குடுவைகள் தந்தது. ஒரு குடுவை 76 பவுண்டு. பெருக்கிப் பார்த்தேன், ஏறத்தாழ 38,000 டன் வருகிறது.

இது வரவு. செலவுப் பக்கத்தையும் பார்ப்போம்.

கல்லைச் சூளையில் வறுத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துத்தான் பாதரசம் எடுத்தார்கள். வறுத்துப் போட்ட கழிவில் கொஞ்சம் பாதரசம் தங்கிவிடும். அதை அலமிடோஸ் ஓடைக் கரையில் கொட்டினார்கள். மழைக்காலத்தில் அது ஓடையில் கரைந்து, குவாடலூப்பே ஆற்றில் சேர்ந்து, சான் ஹோசே நகரின் நடுவே ஓடி, விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடிவண்டலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், அங்கிருந்து மனிதனுக்கும் ஏறுகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு அது கேடு.

சுரங்கத்தை நடத்திய குவிக்சில்வர் மைனிங் கம்பெனி 1912-இல் திவாலானது. பிறகு வேறு சிலர் நடத்தினார்கள். சுரங்க நிலத்தைச் சீரமைக்க வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1975-இல்தான் வந்தது. அந்தக் காலத்தில்தான் இங்கு சுரங்கமும் முடிவுக்கு வந்தது. சான்டா கிளாரா கவுண்டி நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. ஆற்றில் பாதரசத்தைக் குறைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2010-இல்தான் ஏற்றது. என் தொழிலில் இப்படிப்பட்ட பொறுப்புக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்போம். இங்கு யாரும் ஒதுக்காததால், லாபம் எடுத்தவர்கள் போன பிறகு வரி கட்டும் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரிலும் இதே கதைதான். நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் பெயர்த்துக் கொடைக்கானலில் வைத்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-இல் வெளியே தெரிந்து ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் மண்ணைக் கப்பலில் ஏற்ற முடியாதே! ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் விட்டுவைக்கலாம் என்ற அளவைச் சூழல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அல்மேடனில் நூறாண்டு கழித்து விடிந்த புத்தி, கொடைக்கானலிலாவது சீக்கிரம் விடிய வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. பூங்காவில் தாராளமாக நடந்து வாருங்கள். ஆனால் அல்மேடன், குவாடலூப்பே, கலேரோ நீர்த்தேக்கங்களில் தூண்டில் போட்டால், பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அங்கு வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல. மஞ்சள் போட்டுக் கழுவினாலும், புளி ஊற்றிக் குழம்பு வைத்தாலும் பாதரசம் போகாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.