வெப்ப உலர்பாறை ஆற்றல்

நிலத்தடியில் வெந்நீரோ நீராவியோ இல்லாத சூடான பாறையிலிருந்து வெப்பத்தை எடுக்கும் முறை. பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, உயரழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையில் விரிசல்களைத் திறப்பார்கள். அவற்றின் வழியே ஓடிச் சூடேறும் நீர் இன்னொரு துளை வழியாக மேலே வந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் உள்ளே போகும். 1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் இதை முதலில் செய்துகாட்டியது.

கொங்கு நாட்டின் கருமத்தம்பட்டிப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்று நொந்துகொள்ளும் விவசாயிகள் உண்டு. அங்கே உலர்பாறைக்குப் பஞ்சமில்லை, சூடுதான் போதாது. கொங்கு நாட்டின் அடிப்பாறை மிகப் பழைய நைஸ் (gneiss) வகை. இத்தகைய தொல்பாறை நிலத்தில் ஆழம் கூடினாலும் வெப்பம் மெல்லவே ஏறும். 3 கிலோமீட்டரைத் தாண்டிய கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியில்கூடப் பாறையின் வெப்பநிலை 70 டிகிரி செல்சியசை ஒட்டியே இருந்தது. மின்னுற்பத்திக்குப் பொதுவாக 150 டிகிரிக்கு மேல் தேடுவார்கள்.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்சாரத்துக்காக 2021இல் ஓஎன்ஜிசி ஒப்பந்தமிட்டது. ஆனால் அது வெந்நீரூற்று நிலம், உலர்பாறை அல்ல.

பாறையில் விரிசல் திறக்கச் செலுத்தும் நீரின் அழுத்தம் நிலத்தை அசைக்கவும் கூடும். தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் நேர்ந்த நிலநடுக்கத்தைத் தூண்டியது இத்தகைய திட்டமே என்று 2019இல் அரசு அமைத்த குழு அறிவித்தது.