கொடிமலையிலிருந்து ஒரு துறைமுகம்

சுங்கை சிப்புட், தைப்பிங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோரில் பலர் பினாங்கில்தான் கப்பலிறங்கினார்கள். பேராக்கின் வடக்கே உள்ள அந்தத் துறைமுகத்தைத் தீட்டிய பழைய தைலவண்ண ஓவியங்களை நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

வரைந்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். வங்காளப் பொறியாளர் படை அதிகாரியான அவர், தீவின் கட்டுமானப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். பின்னாளில், 1828இல், டில்லி குதுப்மினாரின் உச்சியில் மாடம் ஏற்றியவரும் இவரே. அவருடைய பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் 1821இல் அச்சுப்படங்களாக வெளியிட்டார். மூல ஓவியங்களில் பல இன்று பினாங்கு மாநில அருங்காட்சியகத்தின் உடைமை.

நம் மக்கள் கொடிமலை என்று அழைக்கும் மலைத்தொடரின் உயரத்திலிருந்து பார்த்தவை இவருடைய சிறந்த காட்சிகள். அங்கிருந்து கிழக்கே நோக்கினால் நகரம், நீரிணை, அதற்கப்பால் செபராங் பிறைச் சமவெளி. கிட்டத்து மரங்கள் கருத்து, தெளிந்து நிற்க, தொலைவு வெளிறி நீலமாகிறது. ஈரக்காற்றினூடே நம் கண் காண்பதும் அப்படித்தான். தைலவண்ணம் மெல்ல உலர்வதால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தில் இழைத்துக் கரைக்க முடியும். கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்ற மயக்கம் அதனால் கைகூடுகிறது. அச்சில் இந்தக் குழைவு குறைந்துவிடும். ஆகவே மூலத்தையே பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த அழகைத் தரும் உயரமே மனித முகங்களைப் பறித்துவிடுகிறது என்பது என் கருத்து. அன்றைய பினாங்கில் சூலியா வணிகர்கள் கடை வைத்திருந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்திருந்தது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சாலை போட்டார்கள். மலையுச்சியில் நிற்கும் அதிகாரியின் கண்ணுக்கு அவர்கள் எட்டமாட்டார்கள்.

நூறாண்டுக்குப் பின் நம்மவர்கள் இதே மலையை எதிர்ப்பக்கமிருந்து கண்டார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றிவந்தவர்களுக்கு, தளத்திலிருந்து தெரிந்த புதுநாடு அந்தப் பச்சை மேடுதான். இறங்கியவர்களில் பலருக்கு அடுத்த இடம் ஜெரெஜாக் தீவின் தனிமை முகாம். அதற்கப்புறமே தோட்டத்து லயம்.

ரஜுலாவில் சிறுவராக வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஈப்போவின் இளம் ஓவியர்களே, அவர்களிடம் கேட்டு, கப்பல் தளத்திலிருந்து தெரிந்த பினாங்கைத் தைலவண்ணத்தில் தீட்டுங்கள்.