சிவப்பு-நீலக் கண்ணாடியும் முப்பரிமாணப் படமும்

இரு கண்களுக்கும் உரிய இரண்டு படங்களை வெவ்வேறு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, நிறக்கண்ணாடி வழியே ஆழத்துடன் காணும் முறை அனாகிளிஃப் எனப்படும். 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இம்முறை, 2023-இல் சந்திரயான்-3 எடுத்த நிலவுப் படங்களைக் காட்டவும் பயன்பட்டது.

தோற்றம்

கண்கள் இரண்டும் ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியில் இருப்பதால், ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது. இதனைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் விளக்கினார். 1853-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மன் நிறக்கண்ணாடி முறையை விவரித்தார். 1891-இல் பிரான்சின் லூயி டூகோ டியு ஓரோன் அதனை அச்சுப் படங்களுக்குக் கொண்டுவந்தார்.

திரையரங்குகளின் வழி வேறானது. 1984-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' நிறக்கண்ணாடியை அன்றி, முனைவாக்கக் கண்ணாடியைப் பயன்படுத்தியது.

நிலவில்

பிரக்யான் ஊர்தியில் இரண்டு வழிகாட்டிக் கேமராக்கள் இருந்தன. அவை காட்சிக்காக மட்டும் பொருத்தப்பட்டவை அல்ல. அவற்றின் இணைப்படங்களிலிருந்து தரையின் மேடுபள்ளங்களைக் கணித்தே, பூமியிலிருந்தோர் ஊர்தியின் பாதையை முடிவுசெய்தனர். 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று 3 மீட்டர் முன்னால் தென்பட்டது. உடனே வந்த வழியே திரும்புமாறு ஊர்திக்குக் கட்டளை அனுப்பப்பட்டது.

செப்டம்பர் 5 அன்று, விக்ரம் தரையிறங்கியைக் காட்டும் அனாகிளிஃப் படத்தை இஸ்ரோ வெளியிட்டது. இடப்பக்கப் படம் சிவப்பிலும், வலப்பக்கப் படம் பச்சையும் நீலமும் கலந்த சியான் நிறத்திலும் அமைந்திருந்தன. கேமராவை உருவாக்கியது பெங்களூருவின் மின்ஒளியியல் அமைப்புகள் ஆய்வகம். தரவுகளைச் செயலாக்கியது அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம்.

கண்ணாடி செய்யும் முறை

1. தடித்த அட்டையை மூக்குக்கண்ணாடி வடிவில் வெட்டி, இரண்டு துளைகள் இடவும்.
2. இடக்கண் துளையில் சிவப்பு, வலக்கண் துளையில் சியான் நிற ஒளிபுகும் தாளை ஒட்டவும். சியான் கிடைக்காவிடில் நீலத்தாள் போதும்.
3. வெள்ளைத் திரையில் உள்ள சிவப்பு எழுத்து, சிவப்புத் தாள் வழியே ஏறக்குறைய மறைய வேண்டும். மறையாவிட்டால் தாளை இரண்டாக மடித்து ஒட்டவும்.

இக்கண்ணாடியால் சூரியனைப் பார்க்கக் கூடாது.

குறைபாடுகள்

படத்தின் இயல்பான நிறங்கள் மாறித் தெரியும். நீண்ட நேரம் பார்த்தால் கண் சோர்வடையும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கு ஆழம் புலப்படாது. எனினும் தனித்திரையோ கருவியோ தேவையில்லாததால், சில ரூபாய்ச் செலவில் மாணவர்கள் நிலவின் தரையை ஆழத்துடன் காண இம்முறை உதவுகிறது.