தென்னிந்தியாவில் உடற்பயிற்சி, யோகம், நடனம்: எல்லோருக்கும் உரியதான வரலாறு

உடற்பயிற்சி, யோகாசனம், நடனம் ஆகிய மூன்றையும் இன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வூதியர் வரை எவரும் வகுப்பில் சேர்ந்து கற்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை எல்லாம் மல்லர்களுக்கும் சிலம்பக்காரர்களுக்கும் உரியவையாகக் கருதப்பட்டன. யோகம் துறவிகளோடும் சில குருமார்களின் வீடுகளோடும் நின்றது. சதிர் எனப்பட்ட ஆட்டம் கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து வாழ்ந்த பரம்பரைக் குடும்பத்துப் பெண்களின் தொழிலாக இருந்தது. 1920 முதல் 1947 வரையிலான காலத்தில் சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் இந்த வேலிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பலருக்கு உடல்நலமும் புதிய உறவுவட்டமும் கிடைத்தன. அதே மாற்றத்தில் சிலர் தம் பிழைப்பை இழந்தனர்.

ட்ரில் வகுப்பு

ஆங்கிலேயர் காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ட்ரில். அதைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வரிசையில் நிற்பது, கட்டளைக்குத் திரும்புவது, கைகால்களை ஒன்றுபோல் வீசுவது ஆகியவையே பாடம். பிள்ளையின் வயது, உடல்வாகு, விருப்பம் எதுவும் கணக்கில் வரவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கத்தின் வேரும் இங்கேதான் இருக்க வேண்டும். மதிக்கப்படாத பாடத்தின் நேரம் எளிதில் பறிபோகும்.

சென்னையில் ஹாரி குரோ பக்

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் சென்னைக்கு வந்த அவர், 1920இல் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அது வளர்ந்து நந்தனத்தில் இன்றும் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாயிற்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடும் அவர் தொடர்பு கொண்டிருந்தார். 1943இல் காலமானார்.

வெற்றி பெறும் பதினொரு பேருக்காக மற்ற மாணவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, எல்லோரும் ஆட வேண்டும் என்பதே பக் வலியுறுத்திய கொள்கை. கருவிச் செலவில்லாத நாட்டு விளையாட்டுகளுக்கும் அங்கு மதிப்பிருந்தது. ஏழைப் பள்ளிக்கு இது பெரிய உதவி. சடுகுடுவுக்குத் தேவை மணல் தரையும் சுண்ணாம்புக் கோடும் மட்டுமே. மேலும், சடுகுடுவில் எதிராளியைக் கட்டிப் பிடிக்காமல் ஆட முடியாது. தண்ணீர்ப் பானையிலும் பந்தியிலும் சாதி பார்த்த அக்காலத்தில், பிள்ளைகள் ஒருவரையொருவர் தொட்டு விளையாடியது சிறிய செய்தி அன்று. ஆட்டம் முடிந்து வீடு திரும்பியதும் பழைய வழக்கமே நீடித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மைசூர் யோகசாலை

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1930களின் தொடக்கத்தில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). அவருடைய 'யோக மகரந்தம்' 1934இல் கன்னடத்தில் வெளிவந்தது. சிறுவர்களுக்கு அவர் கற்பித்த முறை வேகமானது. மூச்சோடு இணைத்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிச் செல்லும் தொடர் அது. மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸின் சாயல் இதில் உண்டு என்று சில ஆய்வாளர்கள் கூறுகின்றனர். மரபு வழி வந்தவர்கள் அதை ஏற்பதில்லை.

கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார், இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் பரவிய 1918இல் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் எனச் சிறுவயதில் நோய்கள் அடுத்தடுத்து வாட்டின. 1934இல் மைசூருக்கு வந்து ஆசனம் பயின்று உடல் தேறியவர், 95 வயதுவரை வாழ்ந்தார். பலகை, கயிறு, நாற்காலி முதலியவற்றின் துணையோடு வளையாத உடலையும் ஆசனத்துக்குப் பழக்கும் முறையைப் பின்னாளில் அவர் வகுத்ததற்கு, நோயாளியாக இருந்த அனுபவம் காரணமாகலாம்.

பெண்களும் இங்கே பயின்றனர். 1938இல் எடுக்கப்பட்ட மௌனப் படமொன்றில் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரியம்மாளும் பெண் குழந்தைகளும் ஆசனம் செய்வதைக் காணலாம். ரிகா நகரில் பிறந்த இந்திரா தேவியை முதலில் மாணவியாக ஏற்க மறுத்த ஆசிரியர், மன்னர் தலையிட்ட பின்னர் இசைந்தார். அந்த இந்திரா தேவி பின்னர் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்றபடி, வயதுக்கும் நோய்க்கும் தக்கவாறு தனித்தனியே கற்பிக்கும் முறைக்கு மாறினார்.

சதிரிலிருந்து பரதநாட்டியம்

நடனத்தின் கதை இவ்வளவு நேரானதன்று. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் ஆட்டத்தை எதிர்த்து 1890களிலேயே சென்னையில் இயக்கம் எழுந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டுதலுக்கு எதிராகப் போராடினார். அக்கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டார். அவர்கள் எதிர்த்த கொடுமை உண்மையானது.

மறுபுறம், வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் ஆட்டத்தைக் காக்க முனைந்தார். 1931இல் சென்னை மியூசிக் அகாடமியில் கல்யாணியின் மகள்கள் ஆடினர். ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. அதுவரை நடனத்தை வாசலில் சேர்க்காத குடும்பங்கள் தம் மகள்களை ஆட அனுப்பின. வெயிலில் ஓடியாடத் தடை இருந்த பெண்ணுக்கு அரைமண்டியும் தட்டடவும் முதல் முறையான உடற்பயிற்சியாயின. தொடையும் முதுகும் வலுப்பெற்றன. நட்டுவனாரின் தட்டுக்கழியோசையும் சொல்லுக்கட்டும் நினைவாற்றலைச் சேர்த்தே பழக்கின. சிமெண்டுத் தரையில் தொடர்ந்து தட்டினால் முழங்கால் நோகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1947இல் இயற்றப்பட்ட சென்னைச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்ததோடு, கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது. கொடுமையை ஒழிக்கக் கலைஞரின் மேடையையும் ஒழிக்க வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு இன்னும் நிறைவான விடையில்லை. தஞ்சை மரபில் வந்த பாலசரஸ்வதி உலகப் புகழ் பெற்று 1973இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். அவருக்குக் கிட்டியது அந்த மரபில் மிகச் சிலருக்கே கிட்டியது. பலர் சலங்கையைக் கட்டி வைத்துவிட்டுப் பெயரையும் ஊரையும் மறைத்து வாழ்ந்தனர்.

மருத்துவம் சொல்வது

உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் 1953இல் எடுத்துக்காட்டினார். லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற உடலசைவுப் பொழுதுபோக்குகளுள் நடனம் ஒன்று மட்டுமே மறதிநோய் வாய்ப்புக் குறைவோடு தொடர்பு காட்டியது. நடனம்தான் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடாது. நலமான மூளை உள்ளவர்களே ஆடப் போயிருக்கவும் கூடும். ஆயினும் நடனத்தில் அடி, தாளம், உடன் ஆடுபவர் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது எவருக்கும் விளங்கும். பள்ளிப் பருவத்தினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இதற்கு எந்த மூலைக்கு?

ஊர்க் கும்மி

பள்ளியோ சபாவோ இல்லாமலே நடந்துவந்த கூட்டு நடனம் கும்மி. முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் கைதட்டிச் சுற்றுவர். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் இவ்வாண்டு வரவில்லை என்பது அந்த வட்டத்துக்குத் தெரிந்துவிடும். கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மியோ நெடுங்காலம் ஆண்கள் மட்டும் ஆடியது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் அவ்வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்பித்தார். 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. இப்போது அப்பகுதித் திருவிழாக்களில் சீருடைச் சேலை கட்டிய பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி ஆடுகின்றனர்.