தீவகக் கோடையின் உப்புக்கொத்தி
தீவகத்தில் பறவை பார்க்க மாரிதான் நல்ல காலம் என்பார்கள். நான் சித்திரை, வைகாசியில் போகிறேன். மத்திய ஆசியப் பறவைப் பாதையால் வந்த உள்ளான்களில் பெரும்பாலானவை வடக்கே திரும்பியிருக்கும். மிஞ்சுவது ஊர்ப்பறவைகள். அவற்றில் ஒன்று அனுமான் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது தனி இனமென்று 2023இல்தான் உறுதியானது. ஊரியும் மணலும் கலந்த தரையில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகே தெரியும்.

போர்க்காலத்தில் தொலைநோக்கியோடு இந்தக் கரையில் நிற்பதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இப்போது வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நிற்கலாம். கடற்படை முகாம் பக்கம் மட்டும் அதைப் பைக்குள் வையுங்கள். சிறகு முறிந்ததுபோல் ஒரு பறவை முன்னால் இழுபட்டால் பின்தொடராதீர்கள். முட்டை பக்கத்தில்தான். வந்த சுவட்டிலேயே திரும்புங்கள்.