‘எதுவும் நடக்கவில்லை’ என்னும் தீர்ப்பு: ‘ஸ்கினமரிங்க்’ படமும் அச்சத்தின் பொருளும்

கனடாவில் உருவாகி 2022இல் திரைக்கு வந்த ‘ஸ்கினமரிங்க்’ படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்னவற்றைச் சுருக்கினால் இரண்டு கூற்றுகள் எஞ்சும். படத்தில் எதுவுமே நடக்கவில்லை என்றது ஒரு தரப்பு. பார்த்து முடித்தபின் வீட்டு நடையில் விளக்கை அணைக்கத் துணிவு வரவில்லை என்றது மறுதரப்பு. இடைப்பட்ட கருத்துகள் குறைவாகவே தென்பட்டன. முதல் தரப்பினருக்குப் பொறுமை போதாது, இரண்டாம் தரப்பினருக்கு ரசனை கூடுதல் என்று பிரித்துவிட்டு நகர்வது எளிது. அது பார்வையாளர்களுக்கும் படத்துக்கும் ஒருசேர இழைக்கப்படும் அநீதி என்பது என் துணிபு. இரு தரப்பினரும் தாம் கண்டதைச் சரியாகவே சொல்கிறார்கள். அச்சத்துக்குரிய பொருளைத் திரை தர வேண்டுமா, பார்ப்பவர் கொண்டுவர வேண்டுமா என்ற இடத்தில்தான் அவர்கள் பிரிகிறார்கள். செலவு குறைந்த உளவியல் திகில் படங்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாதபடி எழுப்புகின்றன.

படத்தின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் கைல் எட்வர்ட் பால் யூடியூபில் ஒரு சிறிய அலைவரிசை நடத்திவந்தவர். பார்வையாளர்கள் தங்கள் கெட்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள். அவற்றை அவர் குறும்படமாக்குவார். அவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே கனவை விவரித்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். சிறு வயது, சொந்த வீடு, பெற்றோர் இல்லை, வீட்டுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. இதை வைத்து 2020இல் ‘ஹெக்’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதன் விரிவுதான் ‘ஸ்கினமரிங்க்’. செலவு ஏறத்தாழ 15,000 டாலர். படமாக்கிய இடம் எட்மன்டன் நகரில் அவர் வளர்ந்த வீடு. ஆக, இந்தப் படத்துக்குக் கதை தந்தவர்களே ஒருவகையில் பார்வையாளர்கள்தாம். பிற்பாடு படத்தைப் பற்றி அவர்கள் கூறிய கருத்தை ஆராய்பவர் இந்தத் தொடக்கத்தை மறக்கக் கூடாது.

கதை 1995இல் நிகழ்கிறது. நான்கு வயது கெவின், ஆறு வயது கெய்லி. நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் தந்தையைக் காணவில்லை. கதவுகளும் சன்னல்களும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து மறைகின்றன. குழந்தைகள் கீழே கூடத்தில் போர்வையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் பழைய கார்ட்டூன் பார்க்கிறார்கள். பிறகு ஒரு குரல் அழைக்கத் தொடங்குகிறது. நிகழ்ச்சி என்று பார்த்தால் இவ்வளவே. ஆனால் கேமரா காட்டுவது கூரையின் மூலையை, தரைவிரிப்பை, பாதி திறந்த அறைவாசலை, தரையில் சிதறிக் கிடக்கும் பொம்மைக் கட்டைகளை. குழந்தைகளின் கால் தெரியும், தலையின் பின்புறம் தெரியும். முகத்தை நேர்பட நிறுத்திக் காட்டுவது மிக அரிது. முணுமுணுப்பான சில வசனங்களுக்கு மட்டும் எழுத்து வரும். ஒலிப்பதிவில் பழைய ஒலிநாடாவின் இரைச்சல் ஓயாமல் இருக்கும்.

இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் துணைக்கு வருகிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்துக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. முதல் மூன்றும் வெளியிலிருந்து வருபவை. நான்காவதுதான் விந்தையானது: தன்மேல் ஆட்சி உடையவரிடம் கொள்ளும் அச்சம். நான்கு வயதுக் குழந்தைக்கு இறை யார்? தாயும் தந்தையும்தான். இந்தப் படம் இறையை வீட்டைவிட்டு நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு குரலை அமர்த்துகிறது. அந்தக் குரல் கட்டளையிடுகிறது. சொன்னபடி கேளாத கெய்லியின் வாயைப் பறித்துவிட்டதாகக் கெவினிடம் சொல்கிறது. அணங்கு இறையின் ஆசனத்தில் ஏறிக்கொள்கிறது என்று சொல்லலாம். கட்டிலில் முதுகு காட்டி அமர்ந்திருக்கும் தாய், நாங்கள் உங்களை நேசிக்கிறோம் என்று சொல்லும் காட்சி பலரை உலுக்கியதற்குக் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். அங்கே பேய் எதுவும் தோன்றுவதில்லை. தாயின் குரல்தான் ஒலிக்கிறது.

மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் என்னும் உரையாசிரியர் எழுதிய உரை இன்னொரு கருவியைத் தருகிறது. சுவையை அவர் நான்கு கூறாகப் பகுக்கிறார்: சுவைக்கப்படும் பொருள், அதை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் நிகழும் வேறுபாடாகிய குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல். வழக்கமான திகில் படத்தில் இந்த நான்கும் திரையிலேயே உண்டு. பேய் தெரியும், கதாநாயகி அதைக் காண்பாள், அவள் முகம் வெளிறும், அவள் அலறுவாள். அஞ்சுபவளைக் கண்டு நாமும் அஞ்சுகிறோம். ‘ஸ்கினமரிங்க்’ இந்த நான்கில் பொருளை இருட்டில் மறைக்கிறது. அஞ்சும் முகத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிக் குறிப்பையும் விறலையும் அகற்றுகிறது. எஞ்சுவது பொறியுணர்வு ஒன்றே, அதுவும் நம்முடையது. எதுவும் நடக்கவில்லை என்றவர் இந்த வெற்றிடத்தைத்தான் துல்லியமாக விவரித்தார். அச்சமுற்றவர் அதே வெற்றிடத்தில் தம் பிள்ளைப் பருவத்து வீட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஓரன் பெலி எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ 2007இல் முதலில் திரையிடப்பட்டு 2009இல் பரவலாக வெளியானது. அதன் தொடக்கச் செலவும் ஏறத்தாழ 15,000 டாலர். அதுவும் இயக்குநரின் சொந்த வீட்டில்தான், சான் டியேகோவில், படமானது. ஆனால் உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘ஸ்கினமரிங்க்’ ஈட்டியது சுமார் 20 லட்சம் டாலர். முதலீட்டோடு ஒப்பிட்டால் இதுவும் பெருவெற்றிதான். ஆனால் வேறுபாட்டுக்குக் காரணம் வேண்டும். பெலியின் படத்தில் படுக்கையறையை நோக்கி அசையாமல் நிற்கும் கேமராவின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருக்கும். நேரம் வேகமாக ஓடித் திடீரென்று இயல்புக்கு வந்தால், இதோ வரப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். எங்கே பார்ப்பது, எப்போது அஞ்சுவது என்று படமே சொல்லிக் கொடுக்கிறது. அதைவிட முக்கியம் அதன் டிரெய்லர். அரங்கில் அமர்ந்து அலறும் மக்களை இருளில் படம்பிடித்து அதில் காட்டினார்கள். பேயைவிட அஞ்சுபவரின் மெய்யே நம்பத்தக்க சான்று என்பதை விளம்பரக்காரர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். ‘ஸ்கினமரிங்க்’ மணியையும் தருவதில்லை, அஞ்சும் முகத்தையும் தருவதில்லை.

செலவைப் பற்றிய பேச்சு பார்வையாளர் கருத்துகளில் திரும்பத் திரும்ப வருவது. 15,000 டாலரில் இவ்வளவா என்று வியந்தவர்களும் உண்டு; 15,000 டாலர் படம் என்பது பார்த்தாலே தெரிகிறது என்று இகழ்ந்தவர்களும் உண்டு. இரண்டுமே பணத்தைப் படத்துக்கு வெளியே நிறுத்தி அளக்கின்றன. பாராட்டு இரக்கமாகிறது, கண்டனம் ஏளனமாகிறது. உண்மையில் இங்கே செலவுக் குறைவு வடிவமாகவே மாறியிருக்கிறது. பேயுருவை அமைக்கப் பணம் இல்லை என்றால் பேய் சட்டகத்துக்கு வெளியே போகும். விளக்குகள் இல்லை என்றால் தொலைக்காட்சிப் பெட்டியின் நீல ஒளியே அறைக்கு வெளிச்சம். உரிமைத் தொகை கட்ட முடியாது என்றால் காப்புரிமை காலாவதியான 1930களின் கார்ட்டூன்கள் ஓடும். அந்தக் கார்ட்டூன்களில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஓடும்போது, எங்கிருந்தோ கிடைத்த இலவசப் பொருள் படத்தின் மிகக் கொடிய கருவியாகிவிடுகிறது. காலம் நின்றுவிட்டது என்பதை வசனத்தால் சொல்லியிருந்தால் இந்த அழுத்தம் வந்திராது.

பார்வையாளர் கருத்தை ஆராய்பவர் நெடுநேரம் தங்க வேண்டிய இடம் இருட்டில் உள்ள துகள்கள். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தில், பழைய படச்சுருளில் தெரிவது போன்ற துகளைப் பின்னர் செயற்கையாகச் சேர்த்திருக்கிறார்கள். இருண்ட வாசலைத் திரை காட்டும்போது அங்கே இருப்பது வெறும் கருமை அல்ல. ஓயாமல் கொதிக்கும் சாம்பல் நிறப் புள்ளிகள். மனிதக் கண் புள்ளிக் குவியலில் முகம் தேடும் இயல்புடையது. மேகத்திலும் சுவர்க்கறையிலும் முகம் காண்பதும் இதனால்தான். ஆகவே படத்தின் குறிப்பிட்ட ஒரு காட்சியில் உருவம் ஒன்று நின்றதாக ஒருவர் உறுதியாகச் சொல்வார்; அதே காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்த மற்றவர் அங்கே ஒன்றுமில்லை என்பார். வேறு படங்களில் கருத்து வேறுபாடு என்றால், கண்டதற்குப் பொருள் சொல்வதில் வேறுபாடு. இங்கே எதைக் கண்டோம் என்பதிலேயே வேறுபாடு. மதிப்பீட்டுக்கு அடிப்படையான தரவே ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்தப் படத்தைப் பார்த்தவர் எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு படங்கள் உண்டு என்று சொன்னால் வெறும் அலங்காரப் பேச்சு போலத் தோன்றலாம். துகளைப் பொறுத்தவரை அது நேர்ப்பொருளிலேயே உண்மை.

இதில் கருவிக்கும் பங்குண்டு. ஓடிடியில் வரும் படம் சுருக்கப்பட்டு அனுப்பப்படுவது. அசையும் நுண்துகளைச் சுருக்குவது கடினம் என்பதால் இருண்ட பகுதிகள் சதுரம் சதுரமாகத் திட்டுப் பிடிக்கும். பகல் வெளிச்சம் விழும் கூடத்தில் கைப்பேசியில் பார்த்தவருக்கு வாசலும் சுவரும் ஒரே கரும்பரப்பு. இரவில் விளக்கணைத்துக் காதில் ஒலிக்கருவி மாட்டிப் பார்த்தவருக்குப் பக்கத்து அறையின் மூச்சுகூடக் கேட்கும். நான் இரண்டு விதமாகவும் பார்த்தேன். பகலில் பார்த்தபோது அரைமணி நேரத்தில் சலித்துப்போனேன். அந்தச் சலிப்பும் நேர்மையான அனுபவந்தான், அதைத் தவறென்று தள்ள என்னால் இயலவில்லை.

படம் மக்களிடம் சேர்ந்த வழியும் கருத்துகளை வடித்தது. 2022 சூலையில் மான்ட்ரியாலின் ஃபான்டேசியா விழாவில் முதலில் திரையிட்டார்கள். பின்னர் இணையவழியிலும் நடந்த ஒரு விழாவின் தளத்திலிருந்து படம் கசிந்தது. டிக்டாக்கிலும் யூடியூபிலும் துண்டுகள் பரவின. நள்ளிரவில் தாமே தேடிப் பார்த்த இந்த முதல் கூட்டத்தினர்தான் உலகிலேயே மிகவும் அச்சமூட்டும் படம் என்ற பெயரை அதற்குக் கட்டினார்கள். 2023 சனவரி 13இல் அமெரிக்காவில் சில நூறு அரங்குகளில் வெளியானபோது, அந்தப் பெயரை நம்பிச் சீட்டு வாங்கிய வேறொரு கூட்டம் வந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் படம் ஷடர் என்ற ஓடிடி தளத்துக்குப் போனது. விமர்சனத் தொகுப்புத் தளங்களில் விமர்சகர்களில் பெரும்பான்மையினர் ஆதரவு காட்ட, பொதுப் பார்வையாளர் மதிப்பீடு பாதிக்கும் கீழே நின்றது. தேடிப் போனவரையும் வாக்குறுதியை நம்பி வந்தவரையும் ஒரே சராசரியில் கலந்தால் கிடைக்கும் எண் எவரது அனுபவத்தையும் குறிப்பதில்லை.

இத்தகைய எண்கள் எதை அளக்கின்றன என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல்நாள் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குவது 1970களின் இறுதியில் தொடங்கிய வழக்கம். 1999இல் வந்த ‘பிளேர் விட்ச் புராஜெக்ட்’ அதில் சி பிளஸ் வாங்கியது. அப்படி வாங்கிய படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2018இல் வந்த ‘ஹெரிடிட்டரி’ டி பிளஸ். இந்த மதிப்பெண்கள் படத்தின் தரத்தையோ அச்சத்தின் அளவையோ குறிப்பதாகக் கொள்ள முடியாது. விளம்பரம் சொன்னதற்கும் அரங்கில் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அவை அளக்கின்றன. 1962இல் கேன்சஸ் மாநிலத்து லாரன்சைச் சேர்ந்த ஹெர்க் ஹார்வி சொற்பச் செலவில் எடுத்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ வெளியானபோது கவனிக்கப்படவே இல்லை. பின்னாளில் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் தனியாகப் பார்த்தவர்களே அதை மீட்டெடுத்தார்கள். படம் மாறவில்லை, பார்க்கும் இடமும் நேரமும் மாறின.

இவ்வளவு சொன்னபின், எதிர்ப்பாளர்களின் வலுவான குற்றச்சாட்டுக்கு நான் விடை சொல்லியாக வேண்டும். படம் நீளம் என்பது அது. ‘ஹெக்’ அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இது நூறு நிமிடம். நடுப்பகுதியில் ஒரே மூலைக்கு மூன்றாம் முறை திரும்பும்போது அச்சம் கூடவில்லை என்றே எனக்கும் பட்டது. திடீரென்று ஒலியை வெடிக்கவைத்துத் தூக்கிவாரிப் போடச் செய்யும் சில இடங்களும் உண்டு. அவற்றைச் சிலர் படத்தின் ஒரே பயனுள்ள இடங்கள் என்றார்கள். எனக்கு அவை ஒப்பந்த மீறலாகத் தோன்றின. பொருளைப் பார்ப்பவரே கொண்டுவரட்டும் என்று விட்ட படம், இடையில் பொறுமையிழந்து தானே உடம்பை அதிரவைக்கிறது. ஆனால் நீளத்தை முழுதாக வெட்டிவிடவும் முடியாது. பிற்பகுதியில் 572 நாள் என்று ஓர் எழுத்துப் பலகை வருகிறது. ஓரிரவு என்று நம்பிக்கொண்டிருந்தவருக்கு அந்த எண் விழும் அடி, அதற்கு முன்பு காலக்கணக்கை இழந்து அமர்ந்திருந்தால்தான் உறைக்கும்.

பொருள்கோளைப் பொறுத்தவரை, படத்தின் தொடக்கத்தில் கெவின் படியில் விழுந்து தலையில் அடிபட்டதைப் பற்றித் தந்தை தொலைபேசியில் பேசுவதை வைத்து, பின்னால் வருவதெல்லாம் நினைவிழந்த குழந்தையின் மயக்கம் என்று ஒரு சாரார் படிக்கிறார்கள். பெற்றோரின் பிரிவும் புறக்கணிப்பும் உருவகமாகியுள்ளன என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே, அஞ்சியவர் தம் அச்சத்துக்குப் பிற்பாடு தேடிக்கொண்ட காரணங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவசர உதவிக்கு அழைத்த கெவினின் கையிலுள்ள தொலைபேசி பொம்மைத் தொலைபேசியாகிவிடும்போது எவரும் மருத்துவ விளக்கத்தை நினைப்பதில்லை.

இறுதிக் காட்சியில் இருளுக்குள் ஒரு முகம் மிதந்து வருகிறது, அல்லது வருவதுபோல் இருக்கிறது. கெவின் அதனிடம் பெயர் கேட்கிறான். விடை வருவதில்லை. அந்த முகம் ஆணா பெண்ணா, கண் இருந்ததா இல்லையா என்று பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்துவதில்லை. சிலர் அங்கே முகமே இல்லை என்கிறார்கள்.